வானத்தில் வரைபடம் இல்லை

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வழிகாட்டிக் கருவியைப் பார்த்ததும் பலருக்கும் மனத்தில் ஒரு சித்திரம் எழும். மேலே ஒரு செயற்கைக்கோள் நம் காரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "இடப்பக்கம் திரும்பவும்" என்று அது சொல்ல, கருவி அதைக் குரலாக்கித் தருகிறது. உண்மையில் அந்தச் செயற்கைக்கோளுக்கு நாம் இருப்பதே தெரியாது. பூமியில் சாலை என்று ஒன்று உண்டு என்பதும் தெரியாது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, "இப்போது மணி இவ்வளவு, நான் இன்ன பாதையில் போய்க்கொண்டிருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதோடு அதன் கடமை முடிந்தது. நான்கு செயற்கைக்கோள்களின் பேச்சு காதில் விழுந்தால் போதும். எது எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று கணக்குப் போட்டுக் கருவி தன் இருப்பிடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அந்தப் பேச்சும் மெதுவான பேச்சுதான். ஜிபிஎஸ் செய்தி காலங்காலமாக வந்துகொண்டிருக்கும் வேகம் நொடிக்கு 50 பிட். செய்தி முழுவதும் 37,500 பிட்; ஒரு சுற்று கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். தரைக்கு வரும்போது அதன் வலிமை, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். இந்த வழியாக ஒரு 8 ஜிபி வரைபடத்தை இறக்குவதாக வைத்துக்கொள்வோம். 8 ஜிபி என்றால் 6,400 கோடி பிட். நொடிக்கு ஐம்பது ஐம்பதாக வந்தால் 128 கோடி நொடி, அதாவது நாற்பது ஆண்டுக்கும் மேல். அதற்குள் ஊருக்குப் புறவழிச்சாலை போட்டு, அதில் சுங்கச்சாவடியும் வைத்துவிடுவார்கள்.

ஆகவே சாலை, சந்து, பாலம், ஒருவழிப்பாதை எல்லாம் கருவிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். கைபேசி வைத்திருப்பவர்கள் இதை உணர்வதில்லை, ஏனென்றால் இணையம் வரைபடத்தைத் துண்டு துண்டாக ஊட்டிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் போன மலைப்பாதையில்தான் விஷயம் தெரியும்: இருப்பிடத்தைக் காட்டும் நீலப்புள்ளி இருக்கும், சுற்றிலும் வெற்றுத்தாள். தனி வழிகாட்டிக் கருவியிலோ வரைபடம் முழுதும் உள்நினைவகத்தில் இருக்கும். அங்கே இடம் போதாவிட்டால் விரல்நுனி அளவே உள்ள ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில். 4 ஜிபி உள்நினைவகத்தோடு விற்ற கார்மின் நிறுவனத்தின் பழைய நூவி கருவிகள், ஆண்டுதோறும் பெருத்துவந்த வட அமெரிக்க வரைபடத்துக்கு இடம் தர முடியாமல் கார்டு கேட்கத் தொடங்கியது அப்படித்தான்.

எந்தக் கார்டு வாங்குவது என்று கடைக்குப் போனால் குழப்பம் அங்கே ஆரம்பிக்கிறது. நகத்தளவுக் கார்டின் முதுகில் எத்தனை எழுத்து, எத்தனை எண்! வட்டத்துக்குள் 10, வாளி போன்ற யூ-வுக்குள் 3, வி30, ஏ1, ஏ2, நொடிக்கு 170 எம்பி. இவற்றில் பெரும்பாலானவை வரைபடத்துக்குச் சம்பந்தமில்லாதவை என்று சொன்னால் கடைக்காரருக்குப் பிடிக்காது. ஆனால் அதுதான் உண்மை. வட்டத்துக்குள் 10 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்று உறுதி. யூ3, வி30 இரண்டும் 30 எம்பி எழுதும் என்ற உறுதி. இவை மூன்றுமே எழுதும் வேகம், அதுவும் தொடர்ச்சியாக எழுதும் வேகம். வீடியோ கேமராவுக்காக வகுத்தவை. கல்யாண வீடியோ எடுப்பவருக்கு அது உயிர்நாடி. வரைபடக் கார்டில் எழுதுவதோ ஆண்டுக்கு ஓரிரு முறை, மிஞ்சினால் நான்கு முறை. மற்ற நாளெல்லாம் படிப்பதுதான் வேலை.

அந்தப் படிப்பும் எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கார்மின் தன் வரைபட வடிவத்தின் உள்விவரத்தை வெளியிட்டதில்லை. ஆர்வலர்கள் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்துக் கண்டறிந்ததுதான் இன்று நமக்குத் தெரிந்தது. அதில் பூமியின் 360 டிகிரிச் சுற்றை 24 பிட்டில், அதாவது 1,67,77,216 பங்காக வெட்டியிருக்கிறார்கள். நிலநடுக்கோட்டின் நீளம் 40,075 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு பங்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். ஒரு சாலையை எழுதும்போது முதல் புள்ளிக்குத்தான் முழு விலாசம். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு "முந்தையதிலிருந்து கிழக்கே ஏழு கட்டம், வடக்கே மூன்று கட்டம்" என்ற வித்தியாசம் மட்டும். சிறிய எண்ணுக்குச் சில பிட்டே போதும்.

கொல்லிமலைச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குப் பத்துப் புள்ளி, புள்ளிக்கு இரண்டு பைட் என்று தாராளமாக வைத்தாலும் எழுபது வளைவுக்கும் 1,400 பைட். காலையில் வாட்ஸ்ஆப்பில் வந்து விழும் ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ இதைப்போல நூறு மடங்கு இடம் பிடிக்கும். நேர்சாலைக்கு இன்னும் குறைவு: வளைவில்லாத இடத்தில் புள்ளியே தேவையில்லை. ஒரு கண்டத்தின் சாலைகள் சில ஜிபிக்குள் அடங்கிவிடும் ரகசியம் இதுதான். இடத்தை விழுங்குபவை வேறு: செயற்கைக்கோள் படங்கள், மலையேறுவோருக்கான சமஉயரக் கோடுகள், கட்டடங்களின் முப்பரிமாண உருவங்கள். சாலை மட்டும் வேண்டுமென்றால் 16 ஜிபியே பெரிய இடம்.

அப்படியானால் கருவி சிலசமயம் திணறுவது ஏன்? வழி தேடும்போது அது வரைபடத்தின் ஒரு துணுக்கைப் படிக்கும், அங்கிருந்து கிளைபிரியும் சாலைகளைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ இருக்கும் இன்னொரு துணுக்குக்குத் தாவும், பிறகு மற்றொன்றுக்கு. குறுகிய வழி கண்டுபிடிக்கும் இந்த வித்தைக்கு மூலவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில், வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிக் களைத்து ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தவர், தாளும் பேனாவும் இல்லாமல் இருபதே நிமிடத்தில் மனத்துக்குள் போட்ட கணக்கு அது, 1959-இல் அச்சேறியது. வழிகாட்டிக் கருவிகளுக்குப் பேர்போன டாம்டாம் நிறுவனமும் பிற்பாடு அதே ஆம்ஸ்டர்டாமில்தான் பிறந்தது. இன்றைய கருவிகள் அந்தக் கணக்கைப் பலவிதமாகச் சுருக்கிக்கொண்டிருந்தாலும், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறுசிறு துணுக்குகளைப் படிப்பது மாறவில்லை.

இந்தச் சில்லறைப் படிப்பைப் பற்றிப் பேசுபவை ஏ1, ஏ2 முத்திரைகள் மட்டுமே. ஏ1 என்பது நொடிக்கு 1,500 முறை ஆங்காங்கே படிக்கும் திறன் உண்டு என்பதற்கு அடையாளம். 2016-இல் கைபேசிச் செயலிகளுக்காகக் கொண்டுவந்தார்கள். ஒரே விலையில் கிடைத்தால் ஏ1 வாங்கலாம். ஏ2-வுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்: அந்த வேகம் வரவேண்டுமென்றால் கருவியும் அதற்கென்ற கட்டளைகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த 170 எம்பியும் அப்படித்தான். பழைய வழிகாட்டிக் கருவி கார்டோடு பேசும் பாதையே நொடிக்கு 25 எம்பியைத் தாண்டாது. வேகம் பயன்படும் ஒரே தருணம், கணினியிலிருந்து வரைபடத்தை ஏற்றும் நேரம். அதற்கும் கார்டைக் கழற்றி, நல்ல கார்டு ரீடரில் போட்டு ஏற்றுவதே வழி. பழைய கைக்கருவியின் யூஎஸ்பி வழியாக ஏற்றினால் இரவு போட்டது விடிந்தும் முடியாது.

வேகத்தை விடுங்கள். வரைபடக் கார்டு வாங்குவதில் நிஜமான முட்டுக்கட்டை அளவுதான், அதுவும் குறைவால் வருவதைவிட அதிகத்தால் வருவது. 64 ஜிபி, 128 ஜிபி கார்டுகளுக்கு விலை வித்தியாசம் சொற்பம் என்று பெரியதாக வாங்கிப் போட்டால், கருவி "கார்டு இல்லை" என்று கைவிரிக்கும். வாயில் சரியாகப் பொருந்துகிற கார்டு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்குக் காரணம் கார்டுகளின் வரலாற்றில் இருக்கிறது.

சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1999-இல் எஸ்டி கார்டை அறிவித்தபோது, கார்டின் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி எண் கொடுத்தார்கள். எண்ணின் நீளம் 32 பிட். ஆக 4 ஜிபிக்கு மேல் எண்ணவே முடியாது. தரநிர்ணயத்தில் 2 ஜிபியோடு நிறுத்திக்கொண்டார்கள். 2006-இல் எஸ்டிஹெச்சி என்ற அடுத்த வகைக் கார்டு வந்தபோது எண்ணின் நீளத்தை மாற்றாமல், பைட்டுக்கு ஓர் எண் என்பதை 512 பைட் கொண்ட கட்டத்துக்கு ஓர் எண் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே வீச்சில் எல்லை 512 மடங்காகி 2 டிபிக்குப் போனது. 2009-இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி கார்டின் உச்சவரம்பு இன்றும் அந்த 2 டிபிதான்.

கருவியில் கார்டைச் சொருகியதும் இரண்டுக்கும் இடையே நடக்கும் உரையாடலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். முதலில் கருவி "எல்லாரும் பழைய நிலைக்கு வாருங்கள்" என்று ஒரு கட்டளை அனுப்பும். அடுத்து எட்டாம் எண் கட்டளை: "நான் இன்ன மின்னழுத்தத்தில் பேசுகிறேன், புரிகிறதா?" அதன் பிறகு, "பெரிய கார்டோடும் எனக்குப் பழக்கமுண்டு, தயாரா?" புதிய கார்டு தயார் என்று சொல்வதற்கு இந்தக் கேள்விகள் வந்தாக வேண்டும். 2006-க்கு முன் செய்த கருவிக்கு அந்த எட்டாம் கட்டளையே தெரியாது. அது நேராகத் "தயாரா, தயாரா" என்று கேட்டுக்கொண்டிருக்க, கார்டு "இன்னும் இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சிறிது நேரத்தில் கருவி அலுத்துப்போய்க் கார்டே இல்லை என்று அறிவித்துவிடும். பழுது இருவரிடமும் இல்லை. அத்தகைய பழங்கருவி வைத்திருப்பவர் 2 ஜிபி கார்டைத் தேடித்தான் போகவேண்டும். இன்று அது 32 ஜிபியைவிட அரிய பொருள்.

32 ஜிபியைத் தாண்டும்போது வரும் சிக்கல் வேறு வகை. எஸ்டிஎக்ஸ்சி வகையைச் சேர்ந்த 64 ஜிபி கார்டு எண்ணும் முறையில் எஸ்டிஹெச்சி-யோடு வேறுபடுவதில்லை. ஆனால் கடையிலிருந்து வரும்போதே அது எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த அந்த முறைக்கு நெடுங்காலம் உரிமக் கட்டணம் இருந்தது. பழைய வழிகாட்டிக் கருவிகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஃபேட்32. அதே கார்டை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து போட்டால் பல கருவிகள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். செய்யலாமென்று விண்டோஸில் உட்கார்ந்தால், அதன் ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது. இந்த 32-க்குப் பின்னால் ஆழமான அறிவியல் ஒன்றுமில்லை. 1990-களின் நடுவில் அந்தப் பெட்டியை எழுதிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டேவ் பிளம்மர், எவ்வளவு இடம் வீணாவதை ஏற்கலாம் என்று அன்று காலை தனக்குத் தோன்றியதை வைத்து முடிவுசெய்ததாகப் பின்னாளில் தாமே சொன்னார். தற்காலிகமாகப் போட்ட வேலி முப்பதாண்டு நின்றது. வேறு ஃபார்மேட் மென்பொருள்கள் அந்த வேலியை மதிப்பதில்லை.

ஃபேட்32-க்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஒரு கோப்பின் நீளத்தையும் அது 32 பிட்டிலேயே எழுதி வைக்கிறது. 4,29,49,67,295 பைட்டுக்கு மேல், அதாவது 4 ஜிபிக்கு மேல், ஒரு பைட் கூட ஒரே கோப்பில் சேராது. பழைய கார்மின் கைக்கருவிகள் கார்டின் 'கார்மின்' ஃபோல்டரில் 'ஜிமேப்சப்' என்ற ஒற்றைக் கோப்பை மட்டுமே தேடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து பல நாடுகளின் இலவச வரைபடத்தைச் சேர்த்து ஏற்றுபவர்கள் இந்த நான்கில் முட்டிக்கொள்வது வழக்கம். பிந்தைய கருவிகள் எந்தப் பெயரில் எத்தனை கோப்பு இருந்தாலும் படிப்பதால், நாட்டுக்கு ஒரு கோப்பாகப் பிரித்துப் போட்டால் வேலை முடிந்தது. கருவியின் கையேடு 32 ஜிபி என்று சொன்னால் 32 ஜிபி கார்டு வாங்குவதே என் கட்சி. மிச்சமாகப் போகும் இடத்துக்காக மல்லுக்கட்டுவானேன்?

இனிக் கார்டுக்குள் போகலாம், அதிசயம் முழுவதும் அங்கேதான். 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸீ இருவரும் ஒரு டிரான்சிஸ்டருக்கு நடுவில், எதோடும் தொடர்பில்லாத ஓர் உலோகப் படலத்தை வைத்து நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் மூடிவிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் அடுக்கடுக்கான சீஸ் கேக்கைப் பார்த்து வந்த யோசனை என்று ஸீ சொல்லியிருக்கிறார். அந்தப் படலத்துக்குள் எலக்ட்ரான்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் மின்சாரத்தை நிறுத்தினாலும் அங்கேயே இருக்கும். கதவே இல்லாத அறைக்குள் எப்படிப் போவது? மின்புலம் போதிய அளவு வலுவானால், கடக்க முடியாத தடையையும் எலக்ட்ரான் ஊடுருவி மறுபக்கம் தோன்றும் என்பதை இயற்பியலாளர்கள் ஃபவுலரும் நார்ட்ஹைமும் 1928-லேயே கணக்கிட்டிருந்தார்கள். குவாண்டம் இயற்பியலின் அந்த விந்தை இன்று நம் கார்டில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் நடக்கிறது, சில நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு கண்ணாடிச் சுவரின் ஊடாக.

இதை மலிவான சரக்காக மாற்றியவர் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா. ஒரு பகுதி முழுவதையும் ஒரே நொடியில் அழிக்கும் அவருடைய நினைவகத்துக்கு, கேமராவின் மின்னொளியை நினைத்து 'ஃபிளாஷ்' என்று பெயர் சூட்டியவர் உடன் பணியாற்றிய ஷோஜி அரீசுமி. 1984-இல் முதல் வடிவம், 1987-இல் இன்றைய கார்டுகளில் உள்ள நேண்ட் வடிவம். பிற்பாடு மசுவோகா தோஷிபா மீது வழக்குத் தொடுத்து, 2006-இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்கு உடன்பாடு கண்டார். அந்தக் கண்டுபிடிப்பு உலகச் சந்தையில் ஈட்டியதோடு வைத்துப் பார்த்தால் அது சில்லறைக் காசு.

ஆரம்பத்தில் ஒரு செல்லில் ஒரு பிட்: எலக்ட்ரான் உண்டா, இல்லையா. இன்றைய மலிவான கார்டில் ஒரு செல்லுக்கு மூன்று பிட். காலி, கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என எட்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். 32 ஜிபி கார்டில் இத்தகைய செல்கள் ஏறத்தாழ 8,500 கோடி. அவற்றில் சில எப்போதும் தப்பாகத்தான் படிக்கும். தப்பைத் திருத்த ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு குட்டிக் கணினியே உட்கார்ந்திருக்கிறது. 2013 டிசம்பரில் வன்பொருள் நிபுணர்கள் ஆண்ட்ரூ ஹுவாங், ஷான் கிராஸ் இருவரும் ஹாம்பர்க்கில் நடந்த மாநாட்டில், எஸ்டி கார்டின் கணினியில் தங்கள் சொந்த நிரலையே ஓட்டிக் காட்டினார்கள். எந்தச் செல் தேய்ந்தது, எதை ஒதுக்குவது, தப்பிய பிட்டை எப்படி மீட்பது என்று அந்தக் கணினி இடைவிடாமல் கணக்குப் போடுகிறது. பல கட்டுப்பாட்டுச் சிப்புகள் நம்பியிருக்கும் பிழைதிருத்தக் கணிதம், ராபர்ட் கேலகர் 1960-இல் எம்ஐடி-யில் முனைவர் பட்டத்துக்கு எழுதியது. போட்டுப் பார்க்க வலுவான கணினிகள் இல்லாததால் முப்பதாண்டுக்கு மேல் தூங்கிக்கிடந்த ஆய்வேடு.

மூன்று பிட் செல் சுமாராக ஆயிரம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கும். டேஷ்கேம்காரர்கள் இந்த எண்ணைக் கண்டு பயப்படலாம். அவர்களுடைய கார்டில் பயணம் முழுவதும் கேமரா எழுதிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு முறை வரைபடம் மாற்றுபவருக்கு ஆயிரம் முறை என்பது 250 ஆண்டு. 'அதிக உழைப்பு' என்று அச்சடித்த கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. வரைபடக் கார்டின் எதிரி தேய்மானமன்று, மறதி. சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் கடும் கோடையில் வெயிலில் நிறுத்திய கார்களை அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. வேலூரின் மே மாதம் அதற்கு ரொம்பச் சளைத்ததில்லை. பெரும்பாலான கார்டுகள் 85 டிகிரி வரை இயங்கும் என்று உறுதி தருகின்றன, ஆகையால் கார்டு உடனே செத்துவிடாது. அதற்கு முன் கருவியின் பேட்டரி உப்பிவிடும். ஆனால் ஒவ்வொரு கோடையும் செல்களின் நிலையைக் கொஞ்சம் கலைக்கும். பிழைதிருத்தம் அதுபாட்டுக்குச் சமாளித்துக்கொண்டிருப்பதால் நமக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு தாலுகாவே திரையில் வராதபோதுதான் தெரியும். ஆண்டுக்கொரு முறை கார்டை ஃபார்மேட் செய்து வரைபடத்தை முழுதாக மறுபடி ஏற்றினால் எல்லாச் செல்லும் புதிதாக நிரம்பிவிடும்.

போலிக் கார்டு விஷயத்தில் மறதிக்கே இடமில்லை, அங்கே நடப்பது பச்சைப் பொய். உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்து, குட்டிக் கணினியிடம் "கேட்டால் 64 என்று சொல்" என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எட்டு நிரம்பியதும் வருவதை அது பழையதன் மேலேயே எழுதும், அல்லது காற்றில் விடும். கோப்புப் பட்டியல் மட்டும் கச்சிதமாக இருக்கும். மேலே சொன்ன ஹுவாங் 2010-இலேயே, பெயர்பெற்ற பிராண்ட் பொறித்த போலிக் கார்டுகளை அமிலத்தில் கரைத்து, உள்ளிருந்த சிப்புகளைப் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார். நாம் அமிலத்தைத் தேடிப் போகவேண்டாம். கணினியில் ஓடும் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', 'எஃப்3' என்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லிவிடும். நொடிக்கு 10 எம்பி எழுதும் 32 ஜிபி கார்டை நிரப்ப ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். 29.8 ஜிபிதான் காட்டுகிறது என்று மட்டும் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, இரண்டும் ஒன்றே.

கார் நிறுவனமே வரைபடத்தோடு கொடுக்கும் கார்டு இந்தக் கணக்குகளில் எதிலும் சேராது. மாஸ்டா போன்ற நிறுவனங்கள் வழிகாட்டி வசதியை ஒரு எஸ்டி கார்டில் அடைத்து விற்றன. அதை அப்படியே இன்னொரு நல்ல கார்டில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒவ்வொரு எஸ்டி கார்டுக்கும் பிறக்கும்போதே 128 பிட் நீளத்தில், செய்தவர், வரிசை எண், செய்த மாதம் எல்லாம் அடங்கிய ஓர் அடையாளப் பதிவு உண்டு. சாதாரணமாகக் கோப்புகளை நகலெடுத்தால் அது கூடவே வராது. வரைபடத்தை அந்த அடையாளத்தோடு பூட்டி வைத்திருந்தால், ஒரு பைட் பிசகாமல் எடுத்த நகலையும் கார் ஏற்காது. பழைய காரை விற்பவர் அந்தக் கார்டைக் கேமராவுக்கு ஆகுமே என்று உருவி எடுத்துக்கொள்வதும், வாங்கியவர் வழிகாட்டித் திரையில் வெறுமையைப் பார்த்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் விலை கேட்டு அதிர்வதும் நடக்கிற கதைதான். பழைய கார் வாங்கும்போது ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், டேஷ்போர்டின் மூலையிலிருக்கும் அந்தச் சிறு மூடியையும் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.